மக்கள் வேண்டாம் என்கிற டோலுக்குத் துறை விருது: அந்தக் கேடயத்துக்கு என்ன மதிப்பு?

வழிப்போக்கன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்னணு டோல் வசூல் அமைப்புகளை நிறுவும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். டெண்டர் ஆவணங்கள் எழுதுவது என் பொறுப்பு, அதோடு விருது விண்ணப்பங்களும் என் தலையில்தான். போன வருடம் நாங்கள் முடித்த ஒரு நெடுஞ்சாலைத் திட்டத்துக்குத் துறை விருது கிடைத்தது. சாவடியே இல்லாத வசூல் முறை அது. சாலைக்கு மேலே குறுக்காக கேன்ட்ரி என்கிற இரும்புத் தாங்கி, அதில் கேமராவும் டேக் படிக்கும் கருவியும் இருக்கும், வண்டி நிற்காமல் போகலாம், பணம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். டேக் இல்லாதவர்களுக்கு நம்பர் பிளேட்டை வைத்து வீட்டுக்கு பில் போகும். வேலையை நன்றாகத்தான் செய்தோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் விருது அறிவித்த அதே வாரம் அந்தச் சாலையில் மக்கள் தங்கள் வண்டிகளை வரிசை கட்டி ஆமை வேகத்தில் ஓட்டி மறியல் செய்தார்கள். பில்லைக் கட்ட மாட்டோம் என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். அன்று மாலை எங்கள் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை போனது. அதன் முதல் வரி, "சர்வதேச விருது பெற்ற திட்டம் இது" என்று இருந்தது. அந்த வரியை எழுதியவன் நான்.

என் அண்ணன் வாடகைக்கு வேன் ஓட்டுகிறார். அந்தக் கேன்ட்ரிக்கு அடியில் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது போய் வருவார். அறிக்கையைப் படித்துவிட்டு போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தம்பி, நாங்க கேட்டது ஏன் கட்டணும்னு. நீங்க சொன்னது எவ்வளவு நல்லா வசூல் பண்றோம்னு. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

விண்ணப்பத்தில் "பொதுமக்கள் பங்கேற்பு" என்று ஒரு கட்டம் இருந்தது, 250 சொற்களுக்குள் எழுத வேண்டும். எத்தனை கூட்டம் நடத்தினோம், எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்று எழுதினேன். அந்தக் கூட்டங்களில் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்து, கையில் மைக் இல்லாமலே, "இந்த ரோட்டுக்கு நான் ஏற்கெனவே வரி கட்டியிருக்கேனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். மேடையில் இருந்தவர் "உங்கள் கேள்வியைக் குறித்துக்கொண்டோம்" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை, பதில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தார். அதற்குள் அடுத்தவருக்கு மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். என் விண்ணப்பத்தில் அந்தக் கூட்டம் ஓர் எண்ணிக்கையாக மட்டும் இருக்கிறது. அங்கே என்ன பேசினார்கள் என்று நான் எழுதவில்லை, படிவமும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் வேறொரு விருதுக்கு இதே திட்டத்தை அனுப்பச் சொல்கிறார்கள். இந்த விருதுகளுக்கு உண்மையில் மதிப்பு இருக்கிறதா? இருந்தால் யாருக்கு? மக்கள் எதிர்க்கும் ஒரு கட்டணத்துக்கு விருதை ஆதாரமாகக் காட்டுவது சரியா? இந்தத் துறையில் இருப்பவர்கள், எதிர்ப்பவர்கள், யாராக இருந்தாலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

---

இரும்புச்சட்டம் எழுதியது:

நான் சாலைத் துறையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். இரண்டு முறை விருதுக் குழுவில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில், விருது வெற்றுக் காகிதம் இல்லை. மழையில், இருட்டில், மூன்று லேனில் ஒரே நேரத்தில் வேகமாகப் போகும் வண்டிகளில் எந்த டேக் எந்த வண்டியுடையது என்று பிரித்துப் பிடிப்பது லேசான வேலை கிடையாது. ஒரு லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பைக்கின் பிளேட்டைப் படிப்பது, ஆக்சில் எண்ணிக்கையைத் தவறாமல் கணக்கிடுவது, இதற்கெல்லாம் வருடக்கணக்கில் ராத்திரியில் சாலையோரம் நின்று கருவியைச் சரிசெய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை யாரும் எங்கேயும் சொல்வதில்லை. விழா மேடையில் ஒரு நாள் கூப்பிட்டு நிறுத்தினால் அது நியாயமான மரியாதைதான். அதைக் கேவலமாகப் பேச என்னால் முடியாது.

ஆனால் நடுவர்கள் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பிப்பவரே தன்னைப் பற்றி எழுதி அனுப்புகிறார். பெரும்பாலான விருதுகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. விழாவில் மேசைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். விழாவுக்கு விளம்பர உதவி செய்யும் நிறுவனமே போட்டியிலும் இருப்பது சாதாரணம். நான் உட்கார்ந்த இரண்டு முறையும் ஒரு கட்டு விண்ணப்பங்கள் வந்தன, மதிப்பெண் தாளில் ஐந்து தலைப்பு, புதுமை, செயல்திறன் இப்படி. சாலையை நேரில் போய்ப் பார்க்கவில்லை. அங்கே வண்டி ஓட்டும் ஒருவரிடமும் பேசவில்லை. "இந்தத் திட்டத்தில் பில் வந்தவர்களில் எத்தனை பேர் விருப்பத்தோடு கட்டுகிறார்கள்?" என்று ஒரு கட்டம் தாளில் இருந்திருந்தால் பாதி விண்ணப்பங்களின் வரிசை மாறியிருக்கும். எனக்கும் அப்போது அது தோன்றவில்லை, அதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

டோல் துறையின் உலகளாவிய அமைப்பான சர்வதேச பாலம், சுரங்கப்பாதை, சுங்கச்சாலைச் சங்கம் 1932இல் தொடங்கியது. சாலை நடத்துபவர்களும் அவர்களுக்குக் கருவி விற்பவர்களும்தான் அதன் உறுப்பினர்கள். வருடாவருடம் தொழில்நுட்பம், வாடிக்கையாளர் சேவை, சமூகப் பொறுப்பு என்று பிரித்து விருது கொடுக்கிறார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. டாக்டர்கள் சங்கம் டாக்டருக்குக் கொடுக்கிற மாதிரி, தொழில்காரர்கள் தொழில்காரர்களுக்குக் கொடுப்பது. சக தொழில்காரர்கள் உங்கள் வேலையைப் பார்த்து நல்ல வேலை என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான் அதன் பொருள். அடுத்த டெண்டரில் அதைக் காட்டலாம், கடன் கொடுக்கும் வங்கிக்குக் காட்டலாம், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கட்ட மாட்டேன் என்று நிற்கிறவரிடம் காட்டக்கூடாது. உங்கள் அண்ணன் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை.

---

கல்லும்மண்ணும் எழுதியது:

நான் டோல் எதிர்ப்பில் இருப்பவன், அதை மறைக்காமல் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

இரும்புச்சட்டம் ஐயா நேர்மையாக எழுதியிருக்கிறார், மரியாதை. ஆனால் "நல்ல வேலை" என்ற சொல்லிலேயே எனக்குச் சிக்கல் இருக்கிறது. டோல் என்பது கருவி மட்டும் இல்லை, அது ஓர் ஏற்பாடு. ஜனங்கள் கட்டினால்தான் அது ஓடும். கட்டவில்லை என்றால் கேமரா எவ்வளவு துல்லியமாகப் படமெடுத்தாலும் படம்தான் மிஞ்சும்.

தென்னாப்பிரிக்காவில் கௌட்டெங் மாகாணத்தில் நடந்ததைப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பகுதி நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தி, டோல் வசூலிக்க நாற்பதுக்கும் மேற்பட்ட கேன்ட்ரிகளை நட்டார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, 2012இல் எதிர்ப்புக்கென்றே ஓர் அமைப்பு உருவாகி நீதிமன்றம் போனது. அந்த வருடம் ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தடையை விலக்கியது. 2013 டிசம்பர் 3 அன்று வசூல் தொடங்கியது. சட்டம் அவர்கள் பக்கம், தொழில்நுட்பம் அவர்கள் பக்கம், கேன்ட்ரிகள் ராத்திரியில் வரிசையாக விளக்கெரிய நின்றன. ஜனங்கள் கட்டவில்லை. 2015இல் பழைய பாக்கிக்கு 60 சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்தார்கள், அப்போதும் கட்டவில்லை. கடைசி வருடங்களில் ஐந்தில் ஒருவர் கட்டினாலே பெரிது. 2022இல் நிதியமைச்சர் அந்தச் சாலைத் திட்டத்தின் கடனில் 70 சதவீதத்தை மத்திய அரசும் 30 சதவீதத்தை மாகாணமும் ஏற்கும் என்று சொல்லி முடித்துவைத்தார். 2024 ஏப்ரலில் கருவிகளை நிறுத்தினார்கள். பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் எந்த நடுவர் அந்தக் கேன்ட்ரியைப் பார்த்திருந்தாலும் தொழில்நுட்பத்துக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டிருப்பார்.

பிரான்ஸிலும் இதே கதை. லாரிகளுக்கான சுற்றுச்சூழல் வரி என்று கேன்ட்ரிகளை நாடு முழுக்க நட்டுவிட்டார்கள், 2014 ஜனவரியில் தொடங்கவேண்டியது. 2013 அக்டோபரில் பிரெட்டனி பகுதியில் விவசாயிகளும் லாரிக்காரர்களும் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கினார்கள், சில கேன்ட்ரிகளை எரித்தார்கள், சாய்த்தார்கள். அரசு முதலில் தள்ளிவைத்தது, அடுத்த வருடம் கைவிட்டது. ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்துக்கு நஷ்டஈடு கொடுத்தது பொதுப்பணத்தில். எரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த அளவுக்குப் போகும் முன்னால் யார் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பது என் கேள்வி.

இது இன்று நேற்று வந்த சண்டையும் இல்லை. 1839இல் மேற்கு வேல்ஸில் எஃபைல்வென் என்ற இடத்தில் ஒரு சுங்கக் கதவை ராத்திரியில் உடைத்தார்கள். ஆண்கள் பெண் வேடம் போட்டுக்கொண்டு வந்தார்கள், தலைவியின் பெயர் ரெபெக்கா என்று வைத்துக்கொண்டார்கள். பகைவரின் வாசலை உன் சந்ததி கைப்பற்றட்டும் என்று பைபிளில் ரெபெக்காவை வாழ்த்தும் வரி இருக்கிறது, அதிலிருந்து எடுத்த பெயர். ஏன் அவ்வளவு ஆத்திரம்? அந்த மண் புளிப்பு மண், சுண்ணாம்பு போடாமல் விளையாது. விவசாயி சுண்ணாம்பு வண்டியை ஓட்டிக்கொண்டு வரும் வழியில், சாலைகளை நடத்திச் சுங்கம் வாங்கிய வேறு வேறு டிரஸ்ட்களின் கதவுகள், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் காசு. சுண்ணாம்பு விலையைவிட வழிக்காசு பெரிதாகிவிடும். முதல் கதவை உடைத்து நான்கு வருடம் கழித்துத்தான் அரசு விசாரணைக் குழு போட்டது. 1844இல் டிரஸ்ட்களை ஒன்றாக்கிச் சட்டம் வந்தது, சுண்ணாம்புக்கான கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒரு வண்டி சுண்ணாம்பு எத்தனை கதவு தாண்டுகிறது என்று எண்ணிப் பார்க்க அவர்களுக்கு அத்தனை வருடம் ஆயிற்று!

வழிப்போக்கன், அந்த அம்மா கேட்டதும் இதே கேள்விதான். நான் ஏற்கெனவே எத்தனை கதவுக்குக் கட்டிவிட்டேன்? எரிபொருளில் வரி, வண்டிக்கு வரி, பதிவுக்குக் கட்டணம். அதற்கு மேல் இது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் கேடயத்தைக் காட்டுங்கள்.

---

பதினாறுசக்கரம் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன், நான் லாரி வைத்திருப்பவன், டோல் கட்டியே பிழைப்பவன். எனக்கு டோல் மேல் பகை இல்லை. நல்ல ரோடு என்றால் டயரும் டீசலும் நேரமும் மிச்சம், அதற்குக் காசு கொடுக்கலாம்.

எனக்கு வேண்டியது தப்பு நடந்தால் சரிசெய்ய ஒரு ஆள். ஒரு முறை என் வண்டிக்குப் போகாத சாலையில் பணம் கழிந்தது. பிளேட்டில் சேறு ஒட்டியிருந்த வேறொரு வண்டியின் படம், ஓர் எண் மாற்றிப் படித்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் குழந்தைக்கும் தெரியும் அது என் வண்டி இல்லை என்று, அதில் தார்ப்பாய் நீலம், என்னுடையது பச்சை. போன் செய்தால் ஒரு எண்ணை அழுத்து, இன்னொன்றை அழுத்து, கடைசியில் இணைப்பு துண்டிக்கும். மனு போட்டு ஐந்து மாதம் கழித்துத்தான் பணம் திரும்பியது, வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இல்லை.

99.8 சதவீதம் துல்லியம் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வண்டி போகிற சாலை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள், தினமும் 200 வண்டிக்குத் தப்பான பில். ஒரு மாதத்தில் 6,000. அந்த 6,000 பேரும் வீட்டில் நாலு பேரிடம் சொல்வார்கள். எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர்கள் அங்கேயும் கொஞ்சம் தேடட்டும். மீதி 0.2 சதவீதத்தை எத்தனை நாளில் சரிசெய்தீர்கள் என்று கேட்கும் விருது இருந்தால் நானே விழாவுக்கு வந்து கைதட்டுவேன்.

---

நடுப்பாதை எழுதியது:

கல்லும்மண்ணும் சொன்ன வரலாறு எல்லாம் சரி. ஆனால் அதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. மக்கள் எதிர்த்தார்கள் என்பதாலேயே ஒரு கட்டணம் தவறு என்று ஆகிவிடாது, மக்களின் கருத்தும் மாறும். எப்படி மாறுகிறது என்று பார்த்தால் வழிப்போக்கனின் கேள்விக்கும் அதில் வெளிச்சம் கிடைக்கும்.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நகருக்குள் நுழையும், வெளியேறும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் கொண்டுவந்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது, பத்திரிகைகள் கிழித்தன. அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம், நேராக நிரந்தரமாக்கவில்லை. 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பஸ்களை விட்டார்கள். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை ஏழு மாதம் சோதனை. கட்டண எல்லையைத் தாண்டும் போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது. ஜூலை முடிந்து கட்டணத்தை நிறுத்தியதும் வண்டிகள் திரும்பிவந்தன, அதையும் மக்கள் கண்ணால் பார்த்தார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பு. நகரத்தில் பாதிக்குச் சற்று மேல் ஆதரவு வந்தது. சுற்றியுள்ள ஊராட்சிகள் சில தனியாக வாக்கெடுப்பு வைத்தன, அங்கே எதிர்ப்புதான் ஜெயித்தது, அதையும் சொல்ல வேண்டும். 2007 ஆகஸ்டில் நிரந்தரமானது, அதற்குப் பிறகு ஆதரவு இன்னும் கூடியது.

இதற்கு நேர் எதிர் எடின்பரோவும் மான்செஸ்டரும். இரண்டு இடத்திலும் கட்டணம் வருவதற்கு முன்பே வாக்கெடுப்பு. 2005இல் எடின்பரோவில் 74 சதவீதம் வேண்டாம் என்றார்கள். 2008இல் மான்செஸ்டரில் 79 சதவீதம், பத்து வட்டாரத்திலும் தோல்வி. பார்க்காத ஒன்றுக்கு, நாளைக்கு இப்படி நன்மை வரும் என்ற வாக்குறுதியை மட்டும் நம்பி யார் காசு கொடுக்கச் சம்மதிப்பார்கள்? ஜனங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்வீடனின் இன்னொரு நகரமான கோத்தன்பர்க்கின் கதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2013இல் தொடங்கிவிட்டு 2014இல் கேட்டார்கள், பெரும்பான்மை வேண்டாம் என்றது, ஆனால் வாக்கெடுப்பு ஆலோசனை அளவில்தான் என்று சொல்லித் தொடர்ந்தார்கள். கட்டணம் இன்றும் இருக்கிறது. எனக்கு அது உறுத்தும். கேட்பது என்றால் பதிலுக்குக் கட்டுப்படத் தயாராக இருக்க வேண்டும், இல்லை என்றால் கேட்காமலே இருந்திருக்கலாம்.

சரி, விருதுக்கு வருகிறேன். ஸ்டாக்ஹோமில் சோதனை நடந்தபோது மக்களை மாற்றியது எந்தக் கேடயமும் இல்லை. காலையில் வழக்கமாக நிற்கும் பாலத்தில் வண்டி நகர்ந்தது, அதுதான். பஸ் நேரத்துக்கு வந்தது. தன் வாழ்க்கையில் தான் பார்த்ததை மனிதன் நம்புவான். வெளியூரில் ஒரு ஹோட்டல் மேடையில் யாரோ கைகுலுக்கும் படத்தைக் காட்டினால் "இவர்கள் எங்களிடம் பேசாமல் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்றுதான் தோன்றும். உங்கள் அறிக்கையால் எதிர்ப்பு கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

---

கல்லும்மண்ணும் எழுதியது:

நடுப்பாதை சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரே ஒரு வேறுபாடு. நகர மையத்துக்குள் நெரிசலைக் குறைக்கப் போடும் கட்டணம் வேறு, போட்ட கடனைத் திருப்ப சாலையில் போகிற எல்லோரிடமும் வாங்கும் டோல் வேறு. முதலாவதில் பஸ்ஸில் போகலாம், நேரத்தை மாற்றலாம். இரண்டாவதில் பல இடங்களில் வேறு வழியே இருக்காது.

ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுக்கு 1995இல் பாலம் திறந்தார்கள், தனியார் முதலீடு. திறந்ததும் அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்த படகை நிறுத்திவிட்டார்கள். தீவுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டோல், ஆடு ஏற்றிப்போனாலும் டோல். கடைசி நாட்களில் காருக்கு ஒரு தடவைக்கு 5.70 பவுண்டு. முதல் நாளிலிருந்தே கட்ட மறுத்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்கு நடந்து தண்டனையும் ஆனது. இந்த மாதிரி ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் டோல் கட்டாததற்குக் கோர்ட் போகிறார் என்றால் அது எப்படி இருந்திருக்கும் யோசியுங்கள். 2004 டிசம்பர் 21 அன்று அரசு பாலத்தை விலைக்கு வாங்கி டோலை எடுத்தது, ஏறத்தாழ 2.7 கோடி பவுண்டு. பாலம் இன்றும் அதே பாலம்தான், ஒரு திருகாணி மாறவில்லை. பாலத்தின் மேல் யாருக்கும் கோபம் இல்லை.

---

மழைக்காலம் எழுதியது:

நான் கட்டடக்கலை படித்தவள், டோல் பற்றி அதிகம் தெரியாது. விருது பற்றி மட்டும் சொல்கிறேன்.

எல்லா விருதும் ஒரே ரகம் இல்லை. 1977இல் நிறுவிய ஆகா கான் கட்டடக்கலை விருது மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருவது. கட்டி முடித்து, மக்கள் பயன்படுத்த ஆரம்பித்த கட்டடத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இறுதிப் பட்டியலுக்கு வந்தால் ஒரு நிபுணர் நேரில் அங்கே போவார். கட்டியவர், குடியிருப்பவர், பயன்படுத்துபவர் எல்லோரிடமும் பேசி அறிக்கை எழுதித் தருவார், அதை வைத்துத்தான் நடுவர்கள் முடிவு செய்வார்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு விருது இன்னொரு விதம். கட்டடம் நின்று 25 வருடம் கழிந்த பிறகுதான் தகுதியே வரும். ஆர்ப்பாட்டமாகத் திறந்து, பத்தே வருடத்தில் ஒழுக ஆரம்பித்த கட்டடங்கள் எத்தனையோ, அவை இந்தப் பட்டியல் பக்கமே வர முடியாது.

நான் மாணவியாக இருந்தபோது எங்கள் பேராசிரியர் ஒரு விருதுக் கட்டடத்துக்கு அழைத்துப்போனார். படத்தில் கண்ணாடிச் சுவர் பளபளவென்று இருக்கும். போய்ப் பார்த்தால் உள்ளே வேலை செய்பவர்கள் வெயில் தாங்காமல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் செய்தித்தாளை மட்டும் படம் வரையச் சொன்னார். இன்னும் அந்தப் படத்தை வைத்திருக்கிறேன்.

சாலைக்கு இப்படி ஏன் செய்யக்கூடாது? வசூல் தொடங்கி ஐந்து வருடம் கழித்து விண்ணப்பிக்கட்டும். நடுவர் அந்தச் சாலையில் காலை நேரத்தில் வண்டி ஓட்டிப் பார்க்கட்டும், புகார் எண்ணுக்கு அவரே போன் செய்து பார்க்கட்டும், வழிப்போக்கனின் அண்ணன் மாதிரி பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேசட்டும். அப்படி ஒரு விருதை அறிக்கையின் முதல் வரியில் போட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

---

இரும்புச்சட்டம் எழுதியது:

மழைக்காலம் சொன்னது நடக்கக்கூடியதுதான். செலவு ஆகும், நுழைவுக் கட்டணத்தில் அது வராது, அதனால் அமைப்பாளர்கள் தயங்குவார்கள். ஆனால் நடுவராக இருப்பவர் நினைத்தால் ஒன்று செய்யலாம், "எதிர்ப்பு என்ன வந்தது, அதனால் திட்டத்தில் எதை மாற்றினீர்கள்?" என்று விண்ணப்பதாரரிடம் எழுத்தில் கேட்கலாம். அடுத்த முறை கூப்பிட்டால் நான் கேட்பேன். பதில் வரவில்லை என்றால் மதிப்பெண் தர மாட்டேன்.

வழிப்போக்கன், நீங்கள் யாரும் கேட்காமலே அதை எழுதலாமே. விண்ணப்பமே எழுத மாட்டேன் என்று நின்றால் வேறொருவர் பழைய மாதிரியே எழுதிவிடுவார்.

---

வழிப்போக்கன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். பதினாறுசக்கரம் எழுதியதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன், "பச்சைத் தார்ப்பாய்க்காரர் சொல்றது சத்தியம்" என்றார்.

இரும்புச்சட்டம் ஐயா சொன்னபடி செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அந்தப் "பொதுமக்கள் பங்கேற்பு" கட்டத்துக்காகக் கூட்டங்களின் பழைய குறிப்புகளை எடுத்தேன். குறிப்பு எடுத்தவர் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார், எதிரே "பதில்" என்று ஒரு நிரலும் இருக்கிறது. பெரும்பாலும் காலியாக இருக்கிறது. அந்த அம்மாவின் கேள்வியும் இருக்கிறது, அவர் கேட்ட அதே சொற்களில். எதிரே ஒன்றுமில்லை.

மாற்றிய விஷயம் ஏதாவது உண்டா என்று தேடினேன், ஒன்று கிடைத்தது. பாதியில் வெளியேறுபவர்களிடம் முழுத்தூரத்துக்கும் வாங்குவதை ஒரு கூட்டத்தில் எதிர்த்திருக்கிறார்கள், பிறகு அந்த இடத்தில் தனிக் கட்டணம் வைத்தார்கள். அதை நாங்கள் இதுவரை எங்கேயும் எழுதியதே இல்லை. மக்கள் சொல்லி மாறிய ஒரே விஷயத்தை, எங்கள் பெருமைகளின் பட்டியலில் நாங்களே சேர்க்கவில்லை என்பது எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது.

இப்போது வரைவில் 250 சொற்களில் மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். வந்த கேள்விகள் எத்தனை, அதில் பதில் சொன்னவை எத்தனை, மாற்றியது எது. தவறான பில் புகார்களைத் தீர்க்க ஆகும் நாட்களையும் வேறொரு கட்டத்தில் சேர்த்துவிட்டேன், அதை எடுக்கும்போது புகார்ப் பிரிவில் இருப்பவர் "இதை எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மேலாளரிடம் நேற்று கொடுத்தேன். அவர் அந்தக் கட்டத்தில் நிறுத்தி, பேனாவை எடுத்து, அடிக்காமல் திரும்ப மூடி வைத்தார். திங்கட்கிழமை பேசலாம் என்றார். மக்கள் கட்ட மறுப்பதைப் பற்றி அடுத்து அறிக்கை விட வேண்டி வந்தால் விருது என்ற சொல்லை நான் எழுத மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் எழுத, எரிபொருள் வரியில் அந்தச் சாலைக்கு எவ்வளவு போனது என்று நிதிப் பிரிவில் கேட்டிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.